குட்டைக்கு ஒரு வெள்ளை மாடு

1865 ஜூன் 6, செவ்வாய்

போதும். பதினெட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். வாயால் சொன்னால் வேலை போகும். காகிதத்தில் சொன்னால் மை மட்டும்தான் போகும். ஆகவே காகிதம்.

லூர்வோ கிராமத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்து, மாலையில் மேயர் அலுவலகத்தில் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட்டு, போதாததற்குக் கோயில் மணி. வேலை நாலு, சம்பளம் ஒன்று. அதையும் மேயர் கொம்பேர் தன் சொந்தப் பையிலிருந்து தானம் செய்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்.

இன்று அவர் செய்தித்தாளும் கையுமாக வகுப்புக்குள் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"வாத்தியாரே! நம்ம குட்டைக்கு மெடல் குடுத்துட்டாங்க!"

எனக்கு விளங்கவில்லை. மாட்டுச் சந்தையில் அவருடைய காளைக்கு மெடல் கொடுத்ததுண்டு. குட்டைக்கு எப்படி?

பிறகு விளங்கியது. போன செப்டம்பரில் மாத்துரனின் சத்திரத்தில் தங்கியிருந்தாரே, ஓவியர் தெலாமார், அவர் எங்கள் குட்டையைப் பார்த்துத் தீட்டிய படம் பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கியிருக்கிறது. அவர் இங்கே உட்கார்ந்து வரைந்தபோது இதே மேயர் என்ன சொன்னார்? "நல்லா வளந்த ஆம்பளை, வேலைவெட்டி இல்லாம சேத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க." இன்று அதே சேறு "பிரான்சின் பெருமை" ஆகிவிட்டது.

என் குடையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மழை நாளில் தெலாமார் இரவல் வாங்கினார். சாம்பல் நிறத் துணி, கொம்புப் பிடி. அதன் கீழே உட்கார்ந்துதான் முழுப் படத்தையும் தீட்டினார். போகும்போது பாரிசுக்கே கொண்டு போய்விட்டார். நியாயப்படி அந்த மெடலில் கால் பங்கு என் குடைக்குச் சேர வேண்டும்.

ஜூன் 9, வெள்ளி

படத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. பாரிஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் அதை அச்சடித்திருக்கிறார்கள், அதைத்தான் பார்த்தோம். உள்ளங்கை அகலம், கறுப்பு வெள்ளை. மேயர் அதை வெட்டிக் கண்ணாடி போட்டு, பேரரசரின் படத்துக்கு நேர் கீழே மாட்டிவிட்டார். சேறு அரசரை எட்டிப் பிடித்துவிட்டது.

இடப்பக்கம் வில்லோ மரம். நடுவில் தண்ணீர். கரையில் ஒரு புதர். தண்ணீர் ஓரத்தில் தலையைக் குனிந்து நிற்கும் ஒரு வெள்ளை மாடு. கொஞ்சம் தள்ளி ஒரு கறுப்புக் கம்பு.

எங்கள் குட்டையில் மரம் வலப்பக்கம் இருக்கிறது. புதர் கிடையாது, கம்பு கிடையாது. மாடுகளோ ஊர் முழுக்கச் செவலை.

மரம் ஏன் மாறியது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அச்சுக்குக் கட்டை செதுக்குபவன் படத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். இவன் பார்த்தது பார்த்தபடியே செதுக்கிவிட்டான். ஆகவே கண்ணாடியில் தெரியும் முகம்போல இடம் வலமாகிவிட்டது. இதை மேயருக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன்.

"வாத்தியாரே, மெடல் குடுத்தது யாரு?"

"பாரிஸ்காரர்கள்."

"பத்திரிகை எங்க அச்சாகுது?"

"பாரிசில்."

"அப்ப தப்பு யாரு பக்கம் இருக்கும்? பாரிஸ் பக்கமா, மரத்து பக்கமா?"

இந்த ஆளிடம் வாதாட ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன்!

ஜூன் 11, ஞாயிறு

இன்று பூசையில் பாதிரியார் அதைத் 'தடாகம்' என்றார். வாத்துகளுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

பாரிஸ்காரர்கள் வந்தார்கள். நகரத்து ரயிலடியில் இறங்கி, வாடகை வண்டி பிடித்து, இரண்டு கனவான்கள், ஒரு சீமாட்டி. சீமாட்டி கையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு குட்டையையும் அச்சுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். துணிக்கடையில் சாயம் போகுமா என்று பார்ப்பவள்போல.

"இது அது இல்லையே. வெள்ளை மாடு எங்க?"

கரையில் ஸெலி துவைத்துக்கொண்டிருந்தாள். ஸெலி விதவை. சத்திரம், பாதிரியார் வீடு, பாதி ஊர் என்று எல்லோருடைய அழுக்கையும் அவள்தான் போக்குகிறாள். வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் முட்டி போட்டுக்கொண்டு, கட்டையால் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தாள். கனவான்களில் ஒருவர் கைத்தடியை நீட்டி, காட்சி மறைகிறது, கொஞ்சம் நகர முடியுமா என்று கேட்டார்.

"நகரணுமா? தாராளமா நகர்றேன் ஐயா. மிச்சத் துணியை நீங்க தோய்ச்சுக் குடுத்துருங்க. பாதிரியாரோட உள்பாவாடைதான், புண்ணியமாச்சு."

நான் சிரித்தேன். மேயர் சிரிக்கவில்லை. சத்திரக்கார மாத்துரன் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தான். வந்தவர்களுக்கு ஆப்பிள் மதுவை இரட்டை விலைக்கு விற்றான். குழம்பின குட்டையில் மீன் பிடிக்க அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 30, வெள்ளி

ஆணை பிறந்தது. மேயர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தடாகத்தில் யாரும் துணி துவைக்கக் கூடாது. வாத்துகளை இறக்கக் கூடாது. அப்புறம் மணிமகுடமாக ஒன்று: செப்டம்பரில் ஊர் கூடிச் சேறு அள்ளுகிற வழக்கம் இந்த ஆண்டு நிறுத்தி வைக்கப்படுகிறது. "இயற்கையின் எழில் கலையாமல் இருக்கும்பொருட்டு."

எழில்! ஒவ்வொரு செப்டம்பரிலும் தண்ணீர் வற்றியிருக்கும்போது சேற்றை வெட்டி வயலில் கொட்டுவதால்தான் குளிர்காலத்து மழை தங்க இடமிருக்கிறது. ஓர் ஆண்டு விட்டால் தண்ணீர் பாதியாகும். இரண்டு ஆண்டு விட்டால் மேயர் அதில் முட்டைக்கோஸ் போடலாம்.

"துவைக்கிறவங்க எங்கே போவாங்க, மேயர் ஐயா?"

"ஆத்துக்குப் போகட்டும். ஆறு எதுக்கு இருக்கு?"

ஆறு முக்கால் மணி நேர நடை. திரும்பும்போது ஈரத்துணிச் சுமையோடு மேட்டில் ஏற வேண்டும். துவைக்க ஒரு கொட்டகை கட்டித்தாருங்கள் என்று வருடா வருடம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். அந்த மனுக்களால் மேயர் புகைக்குழாய் பற்றவைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தவனும் நான்.

ஆணையைக் கதவில் ஒட்டினேன். என் மனைவி எத்மே வந்து நின்று வாசித்தாள்.

"தலைப்பெழுத்தை எவ்வளவு அழகா சுழிச்சிருக்கீங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூலை 5, புதன்

மரத்தை வெட்டிவிட்டார்கள். என் வயதைவிட இரண்டு மடங்கு வயதுள்ள வில்லோ. அதிலிருந்து தடித்த கிளை ஒன்றை எடுத்து இடப்பக்கம் நட்டார்கள். ஜூலை வெயிலில். அச்சில் இருக்கிற இடத்தில் ஒரு புதரும் வைத்தார்கள். கறுப்புக் கம்புக்குக்கூட ஒரு கம்பு! தார் பூசி, மேயரே நின்று அளந்து, "இன்னும் கொஞ்சம் தள்ளி... இன்னும் கொஞ்சம்... ஆங், அங்கதான்" என்று நட்டார்.

கோயில் கோபுரம் அச்சில் விழவில்லை. ஆண்டவர் தப்பித்தார்.

ஜூலை 21, வெள்ளி

நட்டது பட்டுப்போயிற்று. பச்சைக் கிளைகளைக் கயிற்றால் கட்டி வைக்கச் சொல்லி மேயர் உத்தரவு.

ஆகஸ்ட் 14, திங்கள்

நாளை பேரரசரின் திருநாள். துணை ஆட்சியர் மனைவியோடு எங்கள் தடாகத்தைக் காண வருகிறார். மேயருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அரசு விருதான சிவப்பு நாடாவைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது இப்போது வெள்ளை மாடு ஒன்றில் வந்து தொங்குகிறது.

சுற்று வட்டாரத்தில் வெள்ளை மாடு தேடினார்கள். கிடைத்த ஒன்றின் சொந்தக்காரன் பக்கத்து ஊர் மேயர். அவனிடம் கேட்பதைவிட நரகம் மேல் என்று விட்டுவிட்டார்.

மதியம் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். ஆண்டு முழுவதற்குமான சுண்ணாம்புக் கட்டி மொத்தத்தையும் கொடுக்க வேண்டுமாம். இடித்துப் பாலில் குழைத்து அவருடைய செவலைப் பசுவுக்குப் பூசப் போகிறார்களாம்.

கொடுத்தேன். என் வகுப்பில் இனிமேல் கணக்கைக் காற்றில்தான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 16, புதன்

இதை எழுதும்போது இன்னும் விலா வலிக்கிறது. ஆறு வருடத்துக்குப் பிறகு வலிக்கச் சிரித்தேன். சிரித்த பிறகு என் சுண்ணாம்புக் கட்டி ஞாபகம் வந்தது, அது வேறு.

துணை ஆட்சியர் வந்தார். பேண்டு வாசித்தார்கள். மேயர் பேச்சை வாசித்தார், எழுதியது நான். பசு கரையில் நின்றது, பேய்போல வெள்ளையாக, ஈ மொய்க்க, கண்ணில் அத்தனை பழியோடு. துணை ஆட்சியரின் சீமாட்டி, "ஐயோ, எவ்வளவு அமைதியான மிருகம்" என்றாள்.

அது அமைதி இல்லை. தாகம். வெயிலில் காலையிலிருந்து கட்டி வைத்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவன் பேண்டு பக்கம் திரும்பிய நேரத்தில் பசு மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டது. சுண்ணாம்பு கரைய ஆரம்பித்தது. குட்டை பால்போல வெளுத்தது. பசு கீழேயிருந்து மேலே செவலையானது.

"ஐயையோ, மாடு உரியுதே!" என்று சீமாட்டி கத்தினாள்.

பேண்டுக்காரர்களுக்குச் சிரிப்பில் வாத்தியத்துக்குள் காற்று போகவில்லை. துணை ஆட்சியர் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் நின்றார். பெரிய படிப்பு படித்திருக்கிறார். கடைசியில் மேயரின் தோளைத் தட்டிச் சொன்னார்: அரசு அந்தப் படத்தை விலைக்கு வாங்கிவிட்டதாம். செப்டம்பரிலிருந்து நகர மன்றத்தில் மாட்டப் போகிறார்களாம். அக்டோபரில் பாரிசிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவாராம். "அதுவரை எல்லாம் படத்தில் உள்ளபடியே இருக்கட்டும், மேயர் அவர்களே."

எனக்கு அது கேலியாகத்தான் கேட்டது. மேயருக்குக் கட்டளையாகக் கேட்டிருக்கிறது. நாடா இன்னும் ஒரு முழம் கிட்டே வந்துவிட்டதாக நினைக்கிறார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

மழை இல்லை. குட்டை நாறுகிறது. மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. சேறு அள்ளுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. சத்திரத்தில் எல்லோரும் மேயரைத் திட்டுகிறார்கள். அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நானும் இடம் ஒதுக்கினேன்.

ஸெலியை வழியில் பார்த்தேன். ஆற்றிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சத்திரத்துத் துணியை மாத்துரன் நகரத்துச் சலவைக்காரிக்குக் கொடுத்துவிட்டானாம். ஸெலி தினமும் இரண்டு நடை நடந்தும் பாதிதான் முடிகிறதாம்.

"குளிர்காலம் வந்தா ஆத்து மேட்டுல ஏற முடியாது வாத்தியாரய்யா. அக்கா ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன். அங்க குட்டை இருக்கு. யாரும் வரையல."

செப்டம்பர் 13, புதன்

எங்கள் வீட்டில் இலையுதிர் காலத்துப் பெருஞ்சலவை. வருடத்துக்கு இரண்டு முறை. வீட்டுத் துணி அத்தனையும் ஒரே தடவையில். முதல் நாள் ஊற வைப்பதற்குப் பெண்கள், சொர்க்கத்துக்கு முன்னால் பாவம் கழிக்கிற இடமான 'உத்தரிக்கும் தலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் சாம்பல் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றுவது நரகம். மூன்றாம் நாள் குட்டைக்குக் கொண்டு போய் அலசுவது சொர்க்கம்.

இந்தத் தடவை நரகத்தோடு நின்றுவிட்டது. தொட்டியில் ஆறு மாதத்துத் துணி ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. ஆற்றுக்குக் கொண்டு போக வண்டி வேண்டும்; குதிரைகளெல்லாம் உழவில் இருக்கின்றன.

சாப்பாட்டு மேசையில் சண்டை. மேயர் சொர்க்கத்தையே பூட்டிவிட்டார் என்று வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"பூட்டினது அவரு. பூட்டைச் செஞ்சு குடுத்தது யாரு?"

"நான் குமாஸ்தா, எத்மே. சொன்னதை எழுதுறவன்."

"அதான் சொல்றேன். சொன்னதை எழுதுவீங்க. மத்ததையெல்லாம் மேல்மாடிக்குப் போயி, யாருக்கும் தெரியாம எழுதுவீங்க. அங்க வெச்சுத் திட்டினா யாருக்குங்க காது கேக்கும்?"

இவளுக்கு எப்படித் தெரியும்? இதைப் படிக்கிறாளா? படிச்சா படிக்கட்டும். நான் என்ன பண்ணணும்ங்கிறா? வேலை போனா இந்த வீடும் போகும், வீடே ஊருடையதுதானே. தெருவுல நின்னுக்கிட்டு நியாயம் பேசணுமா? — பேசுறதுக்குன்னு ஒருத்தன்கூட இல்லையா இந்த ஊருல?

சூப் ஆறிப்போனது. மாற்ற வெளுத்த சட்டை இல்லை, நேற்றையதையே போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 21, வியாழன்

அறுவடை விடுமுறை. பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கொடுக்க நகரத்துக்குப் போனேன். நகர மன்றத்து மாடியில் படம் மாட்டியிருந்தது. காவலுக்கு ஒரு பழைய சிப்பாய். "கிட்டப் போங்க, தொடாதீங்க, மூச்சு விடலாம்" என்றார்.

நான் ரசிக்கப் போகவில்லை. குடை இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

படம் வண்டிக் கதவு அளவு பெரியது. மரம் வலப்பக்கம் இருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். வெட்டிப் போட்ட மரம் அங்கே உயிரோடு இலையை வெள்ளையாகப் புரட்டிக்கொண்டு நின்றதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

புதர் புதரில்லை. சேற்றுக் குவியல். உச்சியில் மண்வெட்டி ஒன்று செருகியிருந்தது. ஆமாம், அவர் வந்தது செப்டம்பரில். ஊரே சேறு அள்ளிக்கொண்டிருந்த வாரம்.

மாடு மாடில்லை.

துணியைப் பிழிந்து போடுகிற மரக்குதிரை. நாலு கால். அதன்மேல் ஈரப் படுக்கை விரிப்பு, மாலை வெளிச்சத்தில் கண்ணைக் கூசும் வெள்ளை. அதற்கு முன்னால் பெட்டியில் முட்டி போட்டு, தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கும் ஒரு பெண். சிவந்த முழங்கை. பின் கழுத்தில் ஒட்டிய ஈர முடி. ஸெலி. பாரிசில் கட்டை செதுக்கினவன் அவளுடைய குனிந்த தலையை மாட்டுத் தலையாகவும், விரிப்பை மாட்டு உடம்பாகவும் ஆக்கிவிட்டான். ஆட்டைக் கழுதையாக்குவார்கள் என்று கேட்டதுண்டு. சலவைக்காரியை மாடாக்கிய கதை இதுதான் முதல்.

அந்தப் படத்தில் இருப்பது எதுவோ, அத்தனையையும் அந்தப் படத்தின் பெயரால் தடை செய்திருக்கிறோம். என் அழகான தலைப்பெழுத்தில்.

சேறு சேறாகவே இருந்தது. அதை எப்படிச் செய்தாரோ. வாசனைகூட வந்தது என்பேன். நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகுதான் கம்பைப் பார்த்தேன்.

கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். மூன்று தீற்றல். முகம் வைக்கவில்லை. ஸெலி துவைப்பதையும் ஊர் சேறு அள்ளுவதையும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல். ஊரில் அப்படிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறவன் ஒருவன்தான்.

குடைக்கு வாடகையாக இதைத் தந்திருக்கிறார் மனுஷன்.

எனக்குப் பதிலாக ஊரில் ஒரு கம்பை நட்டு, தார் பூசி வைத்திருக்கிறார்கள். ஜூலையிலிருந்து நிற்கிறது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

எத்மேயிடம் சொன்னேன், கம்பு தவிர. ஸெலியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னேன். நம்பவில்லை.

"என்னையா? என்னை எதுக்கு வரையணும்? வேலையத்த மனுஷன் அந்த ஓவியரு."

மேயரிடமும் சொன்னேன். அவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. முறையான அழைப்பிதழ் வந்தால்தான் போவாராம். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நிற்பது பதவிக்கு இழுக்காம். "கண்ணாடியை மாத்துங்க வாத்தியாரே. மாடு மாடுதான்."

செப்டம்பர் 24, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஸெலியும் எத்மேயும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் ஒரு பார வண்டியில் ஏறி நகரத்துக்குப் போனார்கள். திருவிழா உடுப்போடு. மாத்துரனின் மனைவியும் போனாள். மாத்துரன், வண்டி போனதைத் தான் பார்க்கவே இல்லை என்று இரண்டு பேரிடம் தானாகவே போய்ச் சொன்னான்.

சாயங்காலம் திரும்பினார்கள். வண்டி மேட்டில் வரும்போதே சிரிப்புச் சத்தம்.

"வாத்தியாரய்யா! ஆண்டவரு என் பின்பக்கத்தை இவ்வளவு அகலமாவா படைச்சிருக்காரு?" என்று ஸெலி வண்டியிலிருந்தே கூவினாள்.

"மெடலே அதுக்குத்தானாம்டி" என்றாள் எத்மே. எத்மே! இவளுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியுமென்று எனக்குத் தெரியாது.

இறங்கிய பிறகு ஸெலி என் பக்கத்தில் வந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"குதிரையோட கால் ஒண்ணு ஒடிஞ்சு கயித்தால கட்டியிருப்பேன் பாருங்க, அந்தக் கயித்தையும் போட்டிருக்காரு. நான் படத்துல இருக்கலாமாம். குட்டையில இருக்கக் கூடாதாமா?"

வீட்டுக்குள் வந்ததும் எத்மே தொப்பியைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தக் கோட்டுக்கு முதுகுல ஒரு தையல் விட்டிருக்குங்க. படத்துல பாத்துதான் தெரிஞ்சுது. குடுங்க, தெச்சுத் தரேன்."

பார்த்துவிட்டாள். நன்றாகவே பார்த்திருக்கிறாள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

காலையில் படார் படாரென்று சத்தம். ஜன்னலைத் திறந்தேன். எட்டு மரப்பெட்டிகள், எட்டு முதுகுகள். கரையில் எங்கள் வீட்டு விரிப்புகள் மலைபோல. அழுக்குத் தண்ணீர்தான், நரகத்தைவிட மேல் என்கிறாள் எத்மே.

மேயர் ஓடி வந்தார்.

"யாரு உத்தரவு குடுத்தது?"

"மெடல் குடுத்தாங்களே, அவங்க" என்றாள் ஸெலி, கட்டையை நிறுத்தாமலேயே. தெறித்த நுரை மேயரின் சட்டையில், நாடா குத்த வைத்திருந்த இடத்தில் விழுந்தது.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார். இரண்டாவது ஆணை எழுத வேண்டுமாம். துவைத்தால் ஐந்து ஃபிராங்க் அபராதம், சேற்றில் மண்வெட்டி வைத்தால் பத்து. வெள்ளிக்கிழமை காலையில் கதவில் இருக்க வேண்டும். போகிற போக்கில், பள்ளி ஆய்வாளர் தன்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர் என்பதை ஞாபகப்படுத்தினார். இந்த வீட்டுக் கூரைக்கும் ஒரு பார்வை கொடுத்தார்.

செப்டம்பர் 28, வியாழன்

ஆணையை எழுதி முடித்தேன். மறுபடியும் நல்ல எழுத்து. கை என் பேச்சைக் கேட்பதில்லை. கெட்டதைக்கூட அழகாகத்தான் எழுதுகிறது.

அப்புறம் இன்னொரு காகிதம் எடுத்தேன்.

"லூர்வோ மக்களுக்கு. மெடல் வாங்கிய படத்தில் மாடு இல்லை. துணி துவைக்கும் பெண் இருக்கிறாள். சேற்றுக் குவியலும் மண்வெட்டியும் இருக்கின்றன. நகர மன்றத்து மாடியில் தொங்குகிறது, அழைப்பிதழ் வேண்டாம். எல்லாம் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டுமென்பது துணை ஆட்சியரின் கட்டளை. ஆகவே துவைக்கலாம். ஆகவே அள்ளலாம். அள்ளவும் வேண்டும், மழைக்கு முன்னால்."

எத்மே படித்தாள். இந்தத் தடவை தலைப்பெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பேரு?"

யோசிக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

தூய மிக்கேல் திருநாள். மேற்கே மேகம்.

பெயர் போட்டால் அடுத்த வாரம் இங்கே வேறு வாத்தியார் இருப்பான். போடாவிட்டால்? என் எழுத்தை மேயருக்குத் தெரியாதா என்றுதான் இரவெல்லாம் புரண்டேன். காலையில் கோட்டைப் போடும்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் முப்பது வயதுக்குக் கீழே எழுதத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் எழுதுவது என் எழுத்துதான். அதே சாய்வு, அதே சுழி. மாத்துரனின் மகள் சத்திரத்துப் பலகையில் எழுதுவது என் எழுத்து. தபால்காரன் எழுதுவது என் எழுத்து. மேயரின் மகன் காதல் கடிதம் எழுதுவதுகூட என் எழுத்து என்று கேள்வி. இவ்வளவு வருடம் கத்தியும் ஒருவன் மண்டையிலும் ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது ஏறியிருக்கிறது. மேயர் ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு வரட்டும். பாதி ஊரை வரிசையில் நிறுத்தி, யாருடையது என்று கேட்கட்டும்.

பெயர் வேண்டாம்.

இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேயரின் ஆணை இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சலவைக்குப் போகும்போது எத்மே பார்த்துக்கொள்வாள்.

குட்டைக்கரையில் யாரும் இல்லை. பட்டுப்போன வில்லோவில் மண்வெட்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நாலைந்து இருக்கும், ஒன்றின் பிடியில் சத்திரத்து முத்திரை. அடே மாத்துரா.

முதலில் அலுவலகக் கதவு என்றுதான் நினைத்திருந்தேன். அது ஆணைகளுக்கான இடம். அதைவிடப் பொருத்தமான இடம் கரையில், தார் பூசிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஜூலையிலிருந்து சும்மா நிற்கிறது.

சுத்தியல் எடுக்க வீட்டுக்கு வந்தவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோட்டில் தையல் போட்டாயிற்று. ஆணி நாலு போதும்.